பிள்ளையாருக்கும் அருகு, பந்துக்கும் அருகு

அம்பாசமுத்திரம் பக்கம் பிசானத்துக்கு வயலைத் தயார் செய்யும்போது வரப்பு வெட்டுகிறவர் அதிகம் மல்லுக்கட்டுவது அருகோடுதான். வெட்டிப் போட்ட துண்டு ஒன்று ஈர மண்ணில் கிடந்தால் போதும், கணுவில் வேர்விட்டு மறுபடி கிளம்பிவிடும். அதே அருகுக்கு உரம் போட்டு, தண்ணீர் பாய்ச்சி, ஓயாமல் முடிவெட்டிச் சீராட்டுகிற இடமும் உண்டு. அதற்குப் பெயர் கோல்ஃப் மைதானம்.

பணக்காரர் விளையாட்டு என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுவோம். அது பொய்யில்லை. ஆனால் மட்டையையும் பந்தையும் விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தால், அது நம் ஊர்ச் சம்சாரிக்கு நன்றாகவே பிடிபடக்கூடிய ஒரு வெள்ளாமை.

முழு மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொன்றின் வாயும் 108 மில்லிமீட்டர் அகலம். அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து குழியை நோக்கி நீளும் புல்வெளி ‘ஃபேர்வே’. அதில் புல் அரை அங்குல உயரம் இருக்கும். குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ பகுதியில் 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் விடமாட்டார்கள். இவ்வளவு ஒட்ட வெட்டியும் அருகு சாகாததற்குக் காரணம், அதன் வளர்முனைகள் தரையோடு தரையாக இருப்பதுதான். மேலே ஓடுதண்டு, மண்ணுக்குள் மட்டநிலத்தண்டு என்று இரண்டு வழியிலும் அது பரவும். உயர விடாவிட்டால் பக்கவாட்டில் அடர்ந்துகொள்ளும். மாடு மேய மேய மந்தைவெளி செழிப்பதும் இதே கணக்குத்தான். ஆதியில் ஸ்காட்லாந்தின் கடலோர மேடுகளில் இந்த வேலையைச் செய்தவை செம்மறி ஆடுகள். 1830-இல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் புல்வெட்டும் இயந்திரம் செய்தார். துணி ஆலையில் கம்பளியின் மேற்பிசிறைச் சீவும் உருளைக் கத்தியைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

கிரீனுக்கு அடியில் இருப்பது இன்னும் விசேஷம். நெல்வயலில் தொளி கலக்கி, தண்ணீர் கீழே இறங்காமல் மண்ணை இறுக்குகிறோம். அங்கே நேர்மாறு. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வகுத்த முறைப்படி, அடியில் வடிகுழாய், அதன்மேல் 10 சென்டிமீட்டர் சரளை, அதன்மேல் 30 சென்டிமீட்டர் மணல் கலவை. பெய்த மழை உடனே சரளைக்குள் போய்விடாது. மணலின் நுண்ணிய இடுக்குகள் நீரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். தாங்கும் அளவைத் தாண்டிய மிச்சம்தான் இறங்கும். புல்லுக்கு ஈரம் இருக்கும், மேலே சகதி இருக்காது.

அருகுக்கு வெளிநாட்டில் பெர்முடா புல் என்று பெயர். அது பிறந்தது அந்தத் தீவில் அல்ல. ஆப்பிரிக்க, ஆசிய நிலங்களின் பழைய குடி. ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரிலிருந்த கிளென் பர்ட்டன் அதை ஆப்பிரிக்காவின் நுண்ணிலை அருகு ஒன்றோடு கலந்து ‘டிஃப்வே’ போன்ற ரகங்களைக் கொடுத்தார். நம்முடைய அருகின் குரோமோசோம்கள் 36, ஆப்பிரிக்க அருகில் 18. பிள்ளைக்குக் கிடைத்தது 27. ஜோடி சேராத எண் என்பதால் விதை பிடிக்காது. வாழையைப் போலத்தான், பக்கக்கன்று எடுத்து வைப்பதுபோல் தண்டைத் துண்டு போட்டுத்தான் நடவேண்டும்.

1977-இல் லெராய் ஹோம் முதலானோர் உலகின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்தினார்கள். முதலிடம் கோரைக்கிழங்குக்கு, இரண்டாமிடம் அருகுக்கு. இரண்டாவது களையைப் பயிராக்கி, முதல் களையைப் பிடுங்குவதே வெப்பநாட்டு மைதானக்காரர்களின் பிழைப்பு. அந்தக் கோரையின் ஒன்றுவிட்ட உறவைத்தான் பத்தமடைக்காரர்கள் கீறி, நெய்து, பட்டுப்பாயாக விற்கிறார்கள். எது களை என்பதை யார் முடிவு செய்கிறார்கள், பாருங்கள்.

ஏரியும் சோலைக்காடும் பக்கத்தில் இருக்க விளையாடவேண்டும் என்றால் தாமிரபரணிக் கரையிலிருந்து வடக்கே கொடைக்கானல் ஏறலாம். மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் அங்கே ஏரியை உண்டாக்கியது 1863-இல்; கோல்ஃப் கிளப் வந்தது 1895-இல். தூண் பாறைக்குப் போகிற வழியில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் 18 குழி மைதானம் அது. கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே அருகின் பாச்சா பலிக்காது. வெயிலில் வேகமெடுத்து, குளிரில் மஞ்சளித்துச் சுருண்டுவிடும் சாதி அது. பழனி மலையிலும் நீலகிரியிலும் அதன் இடத்தைப் பிடித்திருப்பது கென்யாவின் கிக்குயு மக்கள் பெயரைத் தாங்கிய கிக்குயு புல். உயரத்தையும் குளிரையும் பொறுக்கும். தானும் ஊர்ந்து படரும். மேய்ச்சலுக்கென்றே பல நாடுகளுக்குக் கொண்டுபோகப்பட்ட புல் என்பதால் காட்டுமாடுகளுக்கும் கொண்டாட்டம். கொடைக்கானல் மைதானத்தில் அவை மந்தையாக நின்று மேய்வது சாதாரணக் காட்சி. வளர்ந்த கடா ஆயிரம் கிலோவைத் தொடும். அது ஈர கிரீனில் ஒரு கால் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. 2019-இல் திருத்திய கோல்ஃப் விதிகள், கிரீனில் விலங்கின் குளம்பு பதிந்த பள்ளத்தை ஆட்டக்காரரே சரிசெய்துகொள்ளலாம் என்கின்றன. மாடு நகர்ந்த பிறகு.