மதிப்பெண் பட்டியலில் இடம் பெறாத சாரணன்

மைசூர் நகரின் வடமேற்கே நான்கு ஸ்டேஜ்களாகப் பரந்து, யோக நரசிம்ம சுவாமி ஆலயத்தால் வெளியூர்க்காரர்களுக்கும் பரிச்சயமாகிவிட்ட விஜயநகரில், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கி வரும் மாசி மாதத்தில், கன்னடத்தில் ‘பீள்கொடுகெ’ என்று வழங்கும் விடைகொடுப்பு விழாக்கள் பள்ளிக்குப் பள்ளி நடைபெறுவது வழக்கம். சரஸ்வதி படத்துக்கு மாலையிட்டு, குத்துவிளக்கேற்றி, உபாத்தியாயர்கள் இரண்டொரு வார்த்தை பேசி, பத்தாம் வகுப்பை முடித்துக்கொண்டு பி.யூ. கல்லூரிகளுக்குப் பிரிந்து போகவிருக்கும் பிள்ளைகளுக்கு ஆசி கூறி அனுப்பும் அந்த வைபவத்தில், படிப்பில் முதன்மை பெற்றவர்களுக்கும், ஓட்டப் பந்தயத்திலும் கபடியிலும் வென்றவர்களுக்கும் பரிசு கிடைக்கிறது. ஆனால் மூன்று நான்கு வருஷங்கள் சாரணர் படையில் இருந்து, ராஜ்ய புரஸ்கார் வரையிலோ, அதற்கும் அப்பால் ராஷ்டிரபதி விருது வரையிலோ முயன்று ஏறிய மாணவனோ மாணவியோ அக்கூட்டத்தில் யார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களே அறியாமற் போவது பல இடங்களில் சகஜமாக இருக்கிறது. இந்நிலை மாற வேண்டும் என்பதும், மாற்றுவதற்குப் பணமோ சட்டமோ தேவையில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

அந்த விருதுகள் எத்தகையவை என்பதை முதலில் விளக்குவது அவசியம். ஏனெனில் சொந்தப் பிள்ளை சாரணனாக இருந்தும், அவன் சனிக்கிழமைகளில் காக்கி உடையும் ஸ்கார்ஃபும் அணிந்து எங்கே போகிறான், என்ன கற்கிறான் என்று கேட்டறியாத பெற்றோர் நம்மில் அநேகர். பாரத் சாரண சாரணியர் இயக்கத்தில் பத்து வயதளவில் சேரும் பிள்ளை, ‘பிரவேஷ்’ என்னும் வாயிற்படியைக் கடந்து உறுதிமொழி எடுத்துக்கொண்ட பிறகு, பிரதம சோபான், த்விதீய சோபான், த்ருதீய சோபான் என்ற படிகளை ஒவ்வொன்றாக ஏறி, அதன் பின்னரே ஆளுநரின் பெயரால் வழங்கப்படும் ராஜ்ய புரஸ்காருக்கும், இறுதியில் குடியரசுத் தலைவரின் பெயரால் வழங்கப்படும் ராஷ்டிரபதி விருதுக்கும் பாத்தியதை பெறுகிறது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே மாதக்கணக்கான உழைப்பு வேண்டுமென்று விதி இருப்பதால், பரீட்சைக்கு முந்தின இரவு கண்விழித்துப் படித்து இவற்றில் எதையும் சம்பாதித்துவிட முடியாது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, இடையில் தளர்ச்சி இல்லாமல் உழைத்தால்தான், பத்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் மேற்படிகளை எட்டும்.

கற்கும் விஷயங்களோ, வகுப்பறைப் பாடங்களிலிருந்து முற்றும் வேறானவை. ரீஃப் நாட், க்ளோவ் ஹிட்ச் முதலான முடிச்சுகளைப் போடவும், கம்புகளைக் கயிற்றால் பிணைத்துப் பாலமும் பரணும் கட்டவும், ஏறாமலே ஒரு மரத்தின் உயரத்தையும் கடக்காமலே ஓர் ஆற்றின் அகலத்தையும் மதிப்பிடவும், திசைகாட்டியையும் வரைபடத்தையும் கொண்டு அறியாத வழியில் நடந்து மீளவும், இரண்டு கழிகளையும் ஒரு போர்வையையும் வைத்துத் தூக்குக் கட்டில் செய்து காயம்பட்டவனைச் சுமந்து செல்லவும், மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டித் தன் அணியினருக்குச் சமைத்துப் போடவும் அந்தப் பிள்ளை பழகுகிறது. இதற்கு மேல், தேர்ச்சிச் சின்னங்களுக்காகத் தனித்தனியே பரீட்சிக்கப்பட வேண்டும். ஊருக்குப் பிரயோஜனமான சேவையில் ஈடுபட வேண்டும். செய்த யாவற்றையும் நாள்வாரியாக லாக் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். ராஜ்ய புரஸ்காருக்குரிய சோதனை முகாமில், தன் சொந்தச் சாரண ஆசிரியர் அல்லாத அந்நியப் பரீட்சகர்களின் முன்னால் இவற்றையெல்லாம் செய்து காட்டியாக வேண்டும். பதினான்கு வயதுப் பெண் குழந்தை, வீட்டை விட்டு வந்து கூடாரத்தில் தங்கி, விடியற்காலையில் எழுந்து, இத்தகைய சோதனையில் தேறி வீடு திரும்புவதை நான் எந்தப் பாடத்தில் வாங்கிய நூற்றுக்கு நூறுக்கும் குறைந்ததாக மதிக்க மாட்டேன்.

கர்நாடகத்துக்கு இவ்வியக்கத்தில் விசேஷமான ஸ்தானம் உண்டு. 1907-ல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் சாரணியத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் தம் முதல் முகாமை நடத்திய இரண்டே வருஷங்களில், 1909-ல், காப்டன் பேக்கர் என்பவர் இந்தியாவின் முதல் சாரணர் படையை நிறுவியது பெங்களூரில்தான். எனினும் அப்போது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குழந்தைகளுக்கு மட்டுமே கதவு திறந்திருந்தது. நம் குழந்தைகள் ஏன் வெளியே நிற்க வேண்டும் என்று கேட்டு, 1917-ல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் தொடங்கினார்கள்; அடுத்த வருஷமே அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ரூவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தார்கள். பலவாறாகப் பிரிந்து கிடந்த சங்கங்கள் சுதந்திரத்துக்குப் பின் 1950-ஆம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி ஒன்றாகி, மறு வருஷம் பெண் சாரணியரும் வந்து சேர, இன்றைய ஸ்தாபனம் உருப்பெற்றது. அந்தப் பழைய உபகாரத்தை நினைவுகூரும் வகையில் தொட்டபள்ளாபுரத்திலுள்ள மாநிலப் பயிற்சி மையம் அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. மைசூரிலோ, பழைய கலெக்டர் அலுவலகத்தை அடுத்த சாரணர் மைதானத்தை அறியாதவர் இல்லை. 2016 டிசம்பர் இறுதியில் தொடங்கி 2017 ஜனவரி முதல் வாரம் வரையில், தேசத்தின் நாற்றிசையிலிருந்தும் வந்த சாரணர்கள் கூடிய 17-ஆவது தேசிய ஜாம்பூரியும் இவ்வூரை அடுத்தே நடந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 2025-ல் மணப்பாறையில் நடந்த வைர விழா ஜாம்பூரி நினைவிருக்கும்.

இவ்வளவு பெருமையிருந்தும், பள்ளியை விட்டுச் செல்லும் மாணவனுக்கு அதனால் கிடைக்கும் அங்கீகாரம் யாது? முதல் மொழிக்கு 125, மற்ற ஐந்து பாடங்களுக்கும் தலைக்கு நூறு என்று கூட்டி 625 மதிப்பெண்ணாக வகுக்கப்பட்டிருக்கும் கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் சாரணியத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. பிற்காலத்தில் தொழிற்கல்விக்கான சி.இ.டி. சேர்க்கையில், விளையாட்டு வீரர்களுக்கும் தேசிய மாணவர் படையினருக்கும் இருப்பது போலச் சாரண சாரணியருக்கும் விசேஷப் பிரிவில் சொற்பமான இடங்கள் உண்டு. ரயில்வேயும் ராஷ்டிரபதி விருது பெற்றவர்களுக்கென்று சாரணர் ஒதுக்கீட்டில் சிற்சில உத்தியோகங்களை அளித்து வருகிறது. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் பள்ளி இறுதித் தேர்விலேயே ‘கிரேஸ் மார்க்’ சேர்க்கிறார்கள். சிங்கப்பூரில், சாரணர் உள்ளிட்ட சீருடைக் குழுக்களிலும் மற்றப் பாடப்புற நடவடிக்கைகளிலும் மாணவர் அடைந்த தேர்ச்சிக்கு, ஜூனியர் கல்லூரிச் சேர்க்கையின்போது இரண்டு புள்ளிகள் வரை சலுகை உண்டு.

இவற்றின் நன்மையை நான் மறுக்கவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு ரயில்வே உத்தியோகம் சாமானியமான காரியமன்று. ஆயினும், மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் சேவையோடு பிணைக்கப்படும்போது, சேவையில் நாட்டமில்லாதவர்களும் சான்றிதழுக்காக மட்டும் வந்து சேர்வார்கள் என்பதையும், சான்றிதழுக்கு விலையேறும் இடத்தில் அதைக் குறுக்கு வழியில் பெறும் ஆசையும் தோன்றும் என்பதையும் மறந்துவிடலாகாது. ஆகவே, கணக்கில் கூட்டப்படும் சலுகையைக் காட்டிலும், சபையில் செய்யப்படும் மரியாதையே இவ்வியக்கத்தின் இயல்புக்குப் பொருத்தமானது என்று கருதுகிறேன்.

மற்ற தேசங்களில் அத்தகைய மரியாதை பலவிதமாக நடக்கிறது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பின் முடிவே அங்கியும் தொப்பியும் அணிந்து கொண்டாடும் பெரிய வைபவம். 1912 முதல் வழங்கப்பட்டு வரும் ‘ஈகிள் ஸ்கௌட்’ பட்டத்தை, இருபத்தொரு தேர்ச்சிச் சின்னங்களும் ஒரு சேவைத் திட்டமும் நிறைவேற்றிப் பெற்ற மாணவர்கள், அந்த மேடையில் தங்கள் பதக்கத்தையோ அதற்கென்ற கயிற்றையோ அணிந்துகொள்ளச் சில பள்ளி நிர்வாகங்கள் அனுமதிக்கின்றன. வேறு சில, அங்கியின் மேல் எதுவும் கூடாதென்று தடுக்கின்றன. நமக்கு இன்னும் அருகிலுள்ள உதாரணம் இலங்கை. 1912-ல் மாத்தளையில் சாரணியம் வேரூன்றிய அந்நாட்டில், ஜனாதிபதி சாரணர் விருது பெற்ற மாணவனைப் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் பெயர் சொல்லி அழைத்துக் கௌரவிக்கும் சம்பிரதாயம் தமிழ்ப் பள்ளிகளிலும் உண்டு. மேடையில் நிற்பது ஒரு பிள்ளையானாலும், கீழே உட்கார்ந்து பார்ப்பது கீழ் வகுப்புக் குழந்தைகள் அத்தனை பேருமல்லவா? அடுத்த வருஷத்துப் படைக்கு ஆள் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல உபாயம் இல்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். தினம் ஒரு நற்செயலைக் கைம்மாறு கருதாமல் செய்வதே சாரணனின் தர்மமாயிருக்க, அவனை மேடையேற்றிப் புகழ்வது அந்தத் தர்மத்துக்கே பங்கமன்றோ என்று, இயக்கத்தில் நெடுங்காலம் உழைத்த பெரியவர்களே கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் கைம்மாறு கருதாதிருப்பது செய்பவனின் கடமை. செய்ததை உணர்ந்து போற்றுவது அதனால் பயனடைந்த சமூகத்தின் கடமை. தேசிய தினங்களில் கொடியேற்றத்துக்கு அணிவகுத்து நிற்கவும், விளையாட்டு விழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் சாரணனை ஐந்து வருஷம் அழைத்த பள்ளி, அவன் விடைபெறும் நாளில் மட்டும் அவனை மறந்துவிடுவது எவ்விதத்திலும் நியாயமாகாது.

அந்த நாளை விட்டால் வேறு சந்தர்ப்பமும் கிடைப்பதில்லை. பத்தாம் வகுப்போடு பிள்ளை வேறொரு கல்லூரிக்குப் போய்விடுகிறது. அங்கே மூத்த சாரணர்களுக்கான திரிசாரணர் படை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பயிற்சி அத்தோடு நின்றுவிடும். ராஷ்டிரபதி விருதுக்குரிய சோதனை முடிந்து சான்றிதழ் வந்து சேரும்போது, அதைப் பெற வேண்டியவர் பள்ளியை விட்டுப் போயிருப்பதும் உண்டு. ஆகையால் கைக்குச் சான்றிதழ் வந்தாலொழிய கௌரவிப்பதில்லை என்று காத்திராமல், எந்தப் படி வரையில் தேறியிருக்கிறார் என்பதை லாக் புத்தகத்தைக் கொண்டு நிச்சயித்து, விழாவன்று சாரணச் சீருடையிலும் ஸ்கார்ஃபிலும் அவரை மேடைக்கு அழைக்கலாம். விருதின் பெயரை மட்டும் வாசித்தால் சபைக்கு ஒன்றும் விளங்காது. இன்ன முகாமுக்குச் சென்றார், இன்ன சேவை செய்தார் என்று இரண்டு வாக்கியங்கள் சேர்த்து வாசிக்க வேண்டும். பள்ளி தரும் நன்னடத்தைச் சான்றில், ‘நல்லது’ என்ற வழக்கமான ஒற்றைச் சொல்லோடு, இத்தனை வருஷம் சாரணராயிருந்து இன்ன படி வரை தேறினார் என்று ஒரு வரி எழுதுவதற்குத் தலைமையாசிரியருக்கு எவருடைய உத்தரவும் தேவைப்படாது. 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, பிள்ளையின் வளர்ச்சியை எல்லாப் பக்கமும் நோக்கிக் காட்டும் முன்னேற்ற அட்டையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அந்த அட்டை என்றைக்கு எந்த வடிவில் வந்தாலும் வரட்டும், இந்த ஒரு வரிக்கு அது வரையில் காத்திருக்க வேண்டியதில்லை.

ராஷ்டிரபதி விருது வரை எட்டாமல், த்விதீய சோபானத்தோடு நின்றுவிட்ட பிள்ளைகளையும் அம்மேடைக்கு அழைக்காமல் விட்டுவிடக் கூடாது. சீருடை வாங்கவும் முகாம் செலவுக்கும் வசதியில்லாமல் நின்றவர்களும், பெண் பிள்ளையை வெளியூர் முகாமுக்கு அனுப்ப வீட்டார் இசையாததால் நின்றவர்களும் அவர்களுள் இருப்பார்கள். தம் வகுப்புகளை முடித்துக்கொண்டு, சம்பளம் எதுவும் கூடுதலாகப் பெறாமல், சனிக்கிழமை வெயிலில் நின்று இத்தனையும் கற்றுக்கொடுத்த சாரண ஆசிரியருக்கும் அன்றைக்கு ஒரு நமஸ்காரம் சொல்வது முறை.

விஜயநகரிலும் சுற்றுப் பேட்டைகளிலும் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் பிள்ளை சாரணராகவோ சாரணியராகவோ இருந்தால், இவ்வருஷத்து விடைகொடுப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாக, அந்த லாக் புத்தகத்தைக் கேட்டு வாங்கி முழுவதும் படித்துப் பாருங்கள், பிறகு சாரண ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் சென்று, விழா நிகழ்ச்சி நிரலில் சாரணர்களுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கித் தரும்படி கேளுங்கள்.