ரோபோவின் கண் யாரைப் பார்க்கிறது?

பினாங்கு உணவகங்கள் சிலவற்றில் தட்டுகளைச் சுமந்து வரும் ரோபோவின் திரையில் இரண்டு பூனைக் கண்கள் மின்னுகின்றன. மேசையில் நால்வர் இருந்தால், நால்வருக்கும் அது தன்னையே பார்ப்பதுபோல் இருக்கும். “நிஜமாகவே பார்க்கிறதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அவை வரைந்த கண்கள். வழியறியும் உணரிகள் உடலில் வேறிடத்தில் இருக்கின்றன.

லிட்டில் இந்தியா கடைச் சுவரில் தொங்கும் முருகன் காலண்டரை எண்ணிப் பாருங்கள். கல்லாவருகே நின்றாலும் வாசலில் நின்றாலும் முருகன் நம்மையே பார்ப்பார். தட்டையான படத்தைப் பக்கவாட்டில் பார்க்கும்போது கருவிழியும் அதன் இருபுற வெள்ளையும் சேர்ந்தே ஒடுங்குகின்றன, விகிதம் மாறுவதில்லை. பார்வையின் திசையை மூளை கணிப்பது பெரும்பாலும் அந்த விகிதத்தைக் கொண்டுதான். மோனா லிசா விளைவு என்பது இதுவே. 1894 முதல் ஓடும் வெள்ளி ரதத்தில் தைப்பூசத்துக்கு முதல்நாள் எழுந்தருளும் உற்சவரோ முப்பரிமாணத் திருமேனி. பக்கத்தில் நின்றால் அந்தப் பார்வை நம்மேல் விழாது. பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் போகும் அந்த ரதத்துக்கு எதிரே நிற்க அடியார்கள் முண்டியடிப்பதில் பக்தியோடு ஒளியியலும் கலந்திருக்கிறது என்பேன். ஆனால் காலண்டர் முருகனால் கூட்டத்தில் ஒருவரை மட்டும் தனியே பார்க்க முடியாது. திரைமுக ரோபோவின் குறையும் அதுதான்; ‘இந்தத் தட்டு உங்களுக்கு’ என்று நால்வரில் ஒருவருக்குக் கண்ணால் உணர்த்த அதற்கு வழியில்லை. ஸ்வீடனின் கேடிஎச் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபர்ஹாட் ரோபோவுக்கு இதனாலேயே முக வடிவ முகமூடி வைத்து, உள்ளிருந்து ஒளிவீசிக் கண்களைக் காட்டினார்கள்.

 

சரி, ரோபோ நம்மைப் பார்த்தால் நமக்குள் என்ன நடக்கும்? 2006-இல் வெளியான ஆய்வில் அசிமோ ரோபோ கதை சொன்னது. அது யாரை அதிகம் பார்த்ததோ அவர்களுக்குக் கதையும் அதிகம் நினைவில் நின்றது. ஆனால் ரோபோவைப் பற்றிய மதிப்பீட்டில் ஆண்களும் பெண்களும் வேறுபட்டார்கள்; கண்ணைப் பார்த்தாலே பிடித்துப்போகும் என்ற விளம்பரப் பேச்சு செல்லாது. 2021-இல் இத்தாலியில் ஐகப் ரோபோவோடு விளையாடியவர்கள், அது கண்ணைப் பார்த்தபோது முடிவெடுக்கத் தாமதித்தார்கள். மூளையின் மின்னலைகளும் மாறின.

இதை வைத்து ‘உணர்ச்சியுள்ள ரோபோ’ என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள். மாற்றம் முழுவதும் நம் தலைக்குள் நடக்கிறது. பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ ரோபோ வாங்குகிறவர்கள், அதன் முகத்தில் மயங்காமல், கேமரா எங்கே இருக்கிறது, பதிவாகும் படம் எங்கே போகிறது என்று முதலில் கேளுங்கள்.