சேசிஸ் நம்பர் தெரியாமல் பாகம் பொருந்தாது

வாகன உதிரிப்பாகம் விற்பவனுக்கு இணையத்தளம் கட்டும் விஷயத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கணினியில் எனக்குத் தெரிந்தது பில் அடிப்பதும் ஈமெயில் பார்ப்பதும் மாத்திரமே. ஆனால், எனது இளைய மகளின் விடயத்தில் நான் செய்யவிருந்த ஒரு பிழையை நினைக்கும்போது, பிள்ளைகளைக் கணினி வகுப்புக்கு அனுப்பியிருக்கும் மற்ற வியாபாரிகளுக்காக இதை எழுதத்தான் வேண்டும் என்று பட்டது.

மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்தாள். அந்த இடைவெளியில் இணையத்தளம் உருவாக்கும் பயிற்சி வகுப்பொன்றில் சேர்த்துவிட்டேன். பஞ்சிகாவத்தையில் உள்ள எமது கடையின் சரக்குக் கணக்கு இன்றும் கொப்பிகளில்தான் இருக்கிறது. எந்தப் பாகம் எந்தத் தட்டில், எத்தனை மீதி என்பதைக் கணினியில் பார்க்கக்கூடிய விதமாக ஒன்றைச் செய்து தருவதாக மகள் சொன்னாள். எனக்கும் சந்தோஷம். கூடிப்போனால் ஒரு கிழமை வேலை என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்துப் பார்த்தால், வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பிரேம்வேர்க் என்றால் என்ன?

எந்த இணையத்தளத்துக்கும் பொதுவான சில வேலைகள் உண்டு. பாவனையாளரை அடையாளம் கண்டு உள்ளே விடுவது, விபரங்களைத் தரவுத்தளத்தில் போட்டு எடுப்பது, படிவத்தைப் பிழையாக நிரப்பினால் திருப்பிக் கொடுப்பது போன்றவை. இவற்றை ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து எழுதாமல், முன்கூட்டியே எழுதி முடித்துத் தரும் தொகுதிக்குத்தான் பிரேம்வேர்க் என்று பெயர். பஸ் பொடி கட்டுபவர் எஞ்சினையும் சேசிஸையும் தானே செய்வதில்லை. அவற்றை ஆயத்தமாக வாங்கி, அதன்மேல் தனக்கு வேண்டிய பொடியைக் கட்டுகிறார். இதுவும் அப்படித்தான்.

மகளின் வகுப்பில் படிப்பித்தது ஜாங்கோ என்ற பிரேம்வேர்க். இது ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறந்தது என்று அறிந்து ஆச்சரியப்பட்டேன். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் வெளிவரும் ‘லோரன்ஸ் ஜேர்னல் வேர்ல்ட்’ பத்திரிகையின் இணையப் பிரிவில் வேலை செய்த அட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன் இருவரும் 2003 இல் இதைத் தொடங்கினார்கள். 2005 ஜூலையில் இது எவரும் இலவசமாகப் பாவிக்கும்படி வெளியிடப்பட்டது. பத்திரிகைக்காரர்களுக்கு நேரம் இல்லை; செய்தி வந்ததும் பக்கம் தயாராக வேண்டும். அந்த அவசரத்துக்காகச் செய்யப்பட்ட பொருளைக் கணினியில் ஏற்றுவதற்கே எங்கள் வீட்டில் நான்கு நாட்கள் போயின.

நான்கு நாள் கதை

முதல் நாள் கடையில் இருந்த பழைய கணினியில் முயன்றாள். அதில் இருப்பது விண்டோஸ் 7. ஜாங்கோ, பைதன் என்ற கணினி மொழியின் மேல் ஓடுவது. ஆகவே முதலில் பைதன் வேண்டும். புதிய பைதன் விண்டோஸ் 7 இல் ஏறாது. அதில் ஏறும் கடைசித் தொடர் 3.8. மகள் தேடிப்பிடித்து அதைப் போட்டாள். ஆனால் வகுப்புக் குறிப்பில் இருந்ததோ ஜாங்கோ 5.2. அதற்குப் பைதன் 3.10 ஆவது இருக்க வேண்டும். ‘பொருத்தமான பதிப்பு கிடைக்கவில்லை’ என்ற கருத்தில் ஒரு வரி வந்து நின்றது. உன்னுடைய பைதன் பழையது, அதனால்தான் என்று அந்த வரி சொல்லவில்லை.

இரண்டாம் நாள் நானாவின் மடிக்கணினியை எடுத்தாள். அதில் விண்டோஸ் 10. புதிய பைதன் பிரச்சினையில்லாமல் ஏறியது. ஆனால் ‘பைதன்’ என்று கட்டளை அடித்தால், மைக்ரோசொப்ட்டின் கடைப் பக்கம் திறந்து, இறக்கிக்கொள் என்றது! இறக்கியாகிவிட்டதே என்று பிள்ளை தலையில் கை வைத்தாள். காரணம், பைதனை ஏற்றும்போது வரும் பெட்டியின் அடியில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் சரி அடையாளம் இட்டால்தான் பைதன் இருக்கும் இடம் ‘பாத்’ என்ற முகவரிப் பட்டியலில் சேரும். விண்டோஸ் அந்தப் பட்டியலில்தான் தேடும். கடைக்குச் சரக்கு வந்து இறங்கிவிட்டது, ஆனால் எந்தத் தட்டு என்று கொப்பியில் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் பையன் ‘இல்லை, அடுத்த கடையில் பாருங்கள்’ என்றுதான் சொல்வான்.

மூன்றாம் நாள் இரண்டு அடி. ஒவ்வொரு வேலைக்கும் பைதனில் தனி அறை ஒன்றை ஒதுக்கிக்கொள்வது நல்ல பழக்கமாம். ஒரு வேலைக்கு வேண்டிய பதிப்பு மற்ற வேலைக்கு வேண்டியதோடு மோதாமல் இருப்பதற்காக. அந்த அறையைத் திறக்கும் கட்டளை வகுப்புக் குறிப்பில் லினக்ஸ் கணினிக்கு உரிய விதத்தில் இருந்தது. விண்டோஸுக்கு அது வேறு. சரியான கட்டளையைக் கண்டுபிடித்து அடித்தபோது, ‘பவர்ஷெல்’ என்ற கட்டளைத் திரை, பாதுகாப்பு விதிப்படி இதை ஓட்ட முடியாது என்று மறுத்துவிட்டது. அதே கணினியில் உள்ள பழைய கறுப்புக் கட்டளைத் திரையில் அடித்தால் மறுப்பு எதுவும் இல்லை. இதை அறிய அரை நாள்.

அன்றிரவு மைசீக்குவல் என்ற தரவுத்தளத்தோடு இணைக்கும் பாகத்தை ஏற்றப் பார்த்தாள். அவள் போட்டிருந்த பைதனுக்கு அந்தப் பாகம் ஆயத்தமாகச் செய்யப்பட்டு இருக்கவில்லை. அப்படியானால் மூலத்திலிருந்து கணினியே அதைச் செய்துகொள்ள வேண்டும். அதற்கு மைக்ரோசொப்ட்டின் சீ பிளஸ் பிளஸ் கருவிகள் தேவை. அவை பல ஜிகாபைட். புஷ் ஒன்று வாங்க வந்தவரிடம், புஷ் இல்லை, லேத் மெஷின் ஒன்று வாங்கிக் கடைந்துகொள்ளுங்கள் என்று சொல்வது போன்ற கதை. பாதி இறங்கும்போது போனில் இருந்த டேட்டா முடிந்தது.

நான்காம் நாள் நான் வாயைத் திறந்தேன். “மகள், இது உங்களுக்குச் சரிவராது. விட்டுடுங்க. கொப்பியே போதும்” என்றேன்.

மகள் அழவில்லை. “வாப்பா, நான் இன்னும் ஒரு வரிகூட எழுதல்ல. எழுதிப் பிழை விட்டாத்தானே எனக்கு ஏலாதுன்னு சொல்லலாம்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் இருக்கவில்லை.

கடையில் கிடைத்த பதில்

மறுநாள் காலையில் ஒருவர் டொல்பின் வேனுக்கு வாங்கிய பாகம் பொருந்தவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார். புதிதாகச் சேர்ந்த பையன்தான் அதை விற்றிருந்தான். 3எல் எஞ்சினா, 5எல் எஞ்சினா என்று கேட்காமல், டொல்பின் என்றதும் எடுத்துக் கொடுத்துவிட்டான். பாகம் நல்ல பாகம், வேனும் நல்ல வேன், பூட்டிய பாஸும் நல்ல வேலைக்காரர். ஆனால் பொருந்தாது. எமது கடையில் முப்பது வருடமாக இருக்கும் சட்டம் ஒன்றுதான்: சேசிஸ் நம்பரும் எஞ்சின் வகையும் தெரியாமல் தட்டில் கை வைக்காதே. பையனை ஏசிக்கொண்டிருக்கும்போதே வீட்டு ஞாபகம் வந்தது.

அன்றிரவு மகளிடம், “உங்க சாமான்களின் சேசிஸ் நம்பரை எழுதுங்க பார்ப்போம்” என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு கொப்பியில் ஒரு பக்கம் எழுதினாள். விண்டோஸ் எத்தனை, பைதன் எத்தனை, ஜாங்கோ எத்தனை, தரவுத்தளம் எது, பார்க்கும் பாடம் எந்த வருடத்தது. எழுதி முடித்தபோது அவளுக்கே விளங்கிவிட்டது. வகுப்புக் குறிப்பு ஒரு காலத்தது, துணைக்குப் பார்த்த வீடியோப் பாடம் 2019 இல் செய்தது, கணினியில் ஏற்றியவை இன்னொரு காலத்தவை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளை மட்டும் ஏற்றினாள். மைசீக்குவலையும் விட்டுவிட்டாள். சீக்குவலைட் என்ற சிறிய தரவுத்தளம் பைதனோடு சேர்ந்தே வருகிறது. ஜாங்கோ முதலில் எடுப்பதும் அதைத்தான். முக்கால் மணித்தியாலத்தில் திரையில் ரொக்கட் படம் ஒன்று வந்தது. சரியாக ஏறிவிட்டது என்பதற்கு ஜாங்கோ காட்டும் அடையாளம் அது. மகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒரு பிழை வந்தது. வீடியோவில் சொன்ன ‘யூஆர்எல்’ என்ற கட்டளை வேலை செய்யவில்லை. இம்முறை பத்து நிமிடத்தில் அவளே பிடித்தாள். அந்தக் கட்டளை 2021 டிசம்பரில் வந்த ஜாங்கோ 4.0 இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக வேறு கட்டளை. சரிவராது என்று நான் சொன்ன பிள்ளைதான் இவள்.

குற்றம் யாருடையது?

விண்டோஸ் மைக்ரோசொப்ட்டினுடையது. மைசீக்குவல் 2010 முதல் ஒரக்கிளிடம் இருக்கிறது. பைதனையும் ஜாங்கோவையும் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். ஒவ்வொருவரும் தமது பாகத்தை நன்றாகவே செய்கிறார்கள். பாகமும் பாகமும் சேரும் மூட்டுக்குத்தான் சொந்தக்காரர் இல்லை. புதியவர் முதல் நாளே நிற்பது அந்த மூட்டில்.

பழகியவர்களுக்கும் இந்த மூட்டு கழன்றிருக்கிறது. 2016 மார்ச்சில் ‘லெப்ட்பேட்’ என்ற 11 வரிப் பாகமொன்றை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான வேலைகளை ஏற்ற முடியாமல் போனது. சுமார் இரண்டு மணித்தியாலத்தில் திரும்ப வைத்தார்கள். ஒரு கொட்டர் பின் இல்லாமல் லொறி நின்ற கதைதான். ஆனால் பழகியவருக்கு அது பாகத்தின் குறை என்று தெரியும். புதியவரோ தன் மூளையின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்.

புதியவர்களுக்குச் சில வார்த்தைகள்

மகளிடம் கேட்டு எழுதியவை இவை. எதையும் ஏற்றுவதற்கு முன் பதிப்பு எண்களைக் கொப்பியில் எழுதுங்கள். பாடம் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்த்து, அதே பதிப்பை ஏற்றுங்கள். ஆகப் புதியதுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பாடங்களைக் கலக்காதீர்கள். பைதனில் நீளமாகப் பிழைச் செய்தி வந்தால் பயப்படாமல் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆரம்பத்தில் சிறிய தரவுத்தளம் போதும். ஒவ்வொரு படியும் சரிவந்த பின்பே அடுத்த படிக்குப் போங்கள்.

வகுப்பு நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். மகளின் வகுப்பில், “வீட்டில் இன்ஸ்டோல் செய்துகொண்டு வாருங்கள்” என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பினார்களாம். கூடச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் அதோடு நின்றுவிட்டார்கள். முதல் நாள் முழுவதையும் அதற்கே ஒதுக்கி, எல்லோருடைய திரையிலும் அந்த ரொக்கட் வந்த பின்பு பாடத்தைத் தொடங்கினால் என்ன?

எமது கடையின் பட்டியலில் இதுவரை பிரேக் பாகங்கள் மாத்திரமே ஏறியுள்ளன. மீதி இன்னும் கொப்பியில்தான். மகள் அவசரப்படவில்லை, நானும் கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கணினி முன் நான்கு நாளாக உட்கார்ந்திருந்தால், சரிவராது என்று சொல்வதற்கு முன் சேசிஸ் நம்பரைக் கேளுங்கள்.