பேயைத் தேடிப் போனவர்கள் யாரைப் பிடித்தார்கள்?

மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்தில் இருக்கிறது பேகுன்கோடோர் ரயில் நிலையம். தண்டவாளத்தில் வெள்ளைப் புடவைப் பெண் ஒருத்தி நடமாடுகிறாள் என்ற பேச்சு பரவி, 1967இல் ஆள் நடமாட்டமே நின்றுபோனது. 2009இல்தான் நிலையத்தை மீண்டும் திறந்தார்கள்.

ஆனாலும் பேய்க்கதை ஓயவில்லை. 2017 டிசம்பரில் பகுத்தறிவாளர் குழு ஒன்று டார்ச் லைட், கேமரா சகிதம் அங்கே ஓர் இரவு தங்கியது. புதர்ப் பக்கமிருந்து விநோதச் சத்தம் வந்தது. ஓடிப்போய் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், பேய் பார்க்க வருபவர்களைப் பயமுறுத்தப் பதுங்கியிருந்த உள்ளூர் ஆட்கள்! கதையை நம்பியும் நம்பாமலும் பேசிக்கொண்டிருக்காமல், சத்தம் வந்த இடத்துக்கே போய்ப் பார்த்ததுதான் அவர்களின் ஆய்வு.

நம் சிலிம் ரிவரிலும் பேய்க்கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், நடந்த கதை அதைவிடக் கனமானது. 1942 ஜனவரி 7ஆம் தேதி ஜப்பானிய டாங்கிகள் இங்கே 11ஆவது இந்தியப் படைப்பிரிவைச் சிதறடித்தன. அடுத்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதவர்கள் ஏராளம், பலருக்குக் கல்லறைகூட இல்லை.

இரவில் தண்டவாளத்தில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. கைப்பேசியில் குரல் பதிவை இயக்கிவிட்டு வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். “நம்ம குடும்பத்துல சயாமுக்குப் போனவங்க யாரு, தாத்தா?” என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.