விசில் அடிப்பவருக்கு முழங்கால் வலிக்காது!

குட்டீஸ்... பொங்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கரும்பு, மஞ்சள் கொத்து, புதுத் துணி... சரிதானே? எனக்குக் கபடிதான் ஞாபகம் வரும்!

தஞ்சாவூர் மாவட்டத்தில், வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். தை பிறந்தால் சம்பா அறுவடை நடக்கும். அறுத்து முடித்த வயலில் ஈரம் வற்றியதும், சிறுவர்கள் காலால் கோடு கிழித்துக் கபடி ஆடத் தொடங்குவார்கள். பெரியவர்களுக்கு ஊர்த் திடலில் போட்டி நடக்கும். சுற்றிலும் மூங்கில் கட்டி, டியூப் லைட் போட்டு, மைக் செட் வைத்து, விடிய விடிய ஆட்டம்தான்!

எட்டு வயதில் வைக்கோல் போரின் மேல் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தவன் நான். இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு ரகசியம் சொல்லட்டுமா? ஒரு தடவைகூட நான் கோட்டுக்குள் இறங்கி ஆடியதில்லை. ஆனால், கருத்துச் சொல்வதில் மட்டும் குறை வைத்ததே இல்லை! அந்தக் கருத்துகளில் சிலவற்றை இன்று உங்களிடம் சொல்கிறேன். அதில் ஒன்று, நான் மாற்றிக்கொண்ட கருத்து.

எனக்குப் பிடித்த ஆட்டக்காரர்

கபடி என்றால் பாடிப் போகிறவர்தான் ஹீரோ என்று பலரும் நினைக்கிறார்கள். மூச்சை அடக்கி, 'கபடி... கபடி...' என்று பாடிக்கொண்டே தனி ஆளாக எதிரிகளின் பக்கம் போகிறாரே, அவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். என் கருத்து வேறு. ஆட்டத்தைக் காப்பாற்றுகிறவர் மூலையில் நிற்பவர். அவரைக் 'கார்னர்' என்பார்கள்.

அப்படி நின்றவர் எங்கள் மாவட்டத்துக்காரர், தர்மராஜ் சேரலாதன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் திருச்சன்னம்பூண்டிதான் அவருடைய ஊர். 2016 அக்டோபரில் ஆமதாபாத்தில் உலகக் கோப்பைக் கபடிப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா 38-29 என்ற கணக்கில் ஈரானை வென்றது. அந்த இந்திய அணியில் இருந்த சேரலாதனுக்கு அப்போது வயது என்ன தெரியுமா? 41! அதே ஆண்டில், புரோ கபடியின் நான்காவது தொடரில் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து கோப்பையும் வாங்கித் தந்தார். சக ஆட்டக்காரர்கள் அவரை 'அண்ணா' என்றே கூப்பிடுவார்கள். மராட்டியரோ, அரியானாக்காரரோ, அவர்களுக்கும் அவர் அண்ணாதான்!

அவருடைய ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது பொறுமை. பாடி வருகிறவர் சீண்டுவார், காலை நீட்டுவார், பின்வாங்குவார். அண்ணா அசையவே மாட்டார். அவர் ஒரே ஒரு தப்படி அதிகமாக வைத்ததும், 'டக்'கென்று கணுக்காலைப் பிடித்துவிடுவார். வயலில் மடையோரம் நிற்கும் கொக்கைப் பார்த்திருக்கிறீர்களா? அதே மாதிரிதான்!

எனக்குப் பிடித்த அணி

தமிழ் தலைவாஸ்! 2017-ல் புரோ கபடிக்குள் வந்த அணி. 2025 வரை ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. 'அப்புறம் ஏன் பிடிக்கும்?' என்று கேட்காதீர்கள். தோற்றாலும் நம் வீட்டுப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளைதானே!

2022-ல் தலைவாஸ் அணி, பவன் செராவத் என்ற பெரிய ஆட்டக்காரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. அதுவரை புரோ கபடியில் யாருக்கும் கொடுக்காத விலை அது. நான் துள்ளிக் குதித்தேன். அக்டோபர் 8-ஆம் தேதி முதல் ஆட்டம். எதிரே குஜராத் அணி. அந்த அணியின் சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போன பவன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்டிரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தொடர் முழுக்க அவர் ஆடவே இல்லை.

'போச்சு, இந்த வருஷமும் அவ்வளவுதான்' என்று டி.வி. முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் நடந்தது வேறு! நரேந்தர் என்ற புதுப் பையன் புள்ளிகளை அள்ளினார். மற்றவர்களும் தோள் கொடுத்தார்கள். தலைவாஸ் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது.

பவன் என்ன ஆனார்? சிகிச்சை எடுத்துக்கொண்டார், ஓய்வெடுத்தார், மறுபடியும் பயிற்சி செய்தார். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்தியா 33-29 என்று ஈரானை வென்று தங்கம் வாங்கியது. அணித் தலைவர் யார்? அதே பவன் செராவத்!

அவர் தங்கப் பதக்கத்தோடு நின்றதைப் பார்த்தபோது, எனக்கு வேறு ஒருவர் ஞாபகம் வந்தது. அவர் எங்கள் ஊர் அண்ணன்.

எழுந்திரு... எழுந்திரு...!

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர் அணியில் ஓர் அண்ணன் கார்னரில் ஆடுவார். பொங்கல் போட்டி, அரையிறுதி ஆட்டம். பிடிக்கப் பாய்ந்தவரின் கால் மண்ணில் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. 'மளுக்'கென்று சத்தம் வந்ததாக அவர் பின்னால் சொன்னார். வைக்கோல் போரில் இருந்த எங்களுக்கு அது எங்கே கேட்கும்? நாங்கள்தான் விசில் அடித்துக்கொண்டிருந்தோமே!

அவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள், 'எழுந்திரு... எழுந்திரு...' என்று கத்தினோம். ஒருவர் ஒரு செம்புத் தண்ணீரை முழங்காலில் ஊற்றினார். இன்னொருவர் காலைப் பிடித்து இழுத்து நீவிவிட்டார். ஒரு துண்டை இறுக்கிக் கட்டினார்கள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். திடலே அதிர்ந்தது. அவர் இறுதி ஆட்டமும் ஆடினார். நாங்கள் ஜெயித்தோம். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தோம்.

அதன் பிறகு அவர் ஆடவே இல்லை. கபடியை மட்டும் சொல்லவில்லை, குட்டீஸ். எங்கள் ஊரில் முழங்கால்தான் சோறு போடும். சேற்றில் இறங்கி நாற்றுப் பறிக்க வேண்டும், வரப்பு வெட்ட வேண்டும், கதிர்க்கட்டைத் தலையில் தூக்கி வழுக்கும் வரப்பில் நடக்க வேண்டும். அண்ணனின் முழங்கால் திடீர் திடீரென்று மடங்கிவிடும். மற்றவர்கள் வயலில் இறங்கும்போது, அவர் கரையில் உட்கார்ந்திருப்பார்.

போட்டியில் ஜெயித்த சுழற்கோப்பை அடுத்த வருடமே வேறு ஊருக்குப் போய்விட்டது. அவருடைய வலி மட்டும் எங்கும் போகவில்லை.

முழங்காலுக்குள் என்ன இருக்கிறது?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம்தான் முழங்கால். இரண்டும் விலகிப் போகாமல் தசைநார்கள் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்திருக்கின்றன. மூட்டுக்குள்ளே இரண்டு நார்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓடுகின்றன. பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் சட்டென்று திரும்பினால், முன்னால் இருக்கும் நார் அறுந்து போகலாம். கபடி, கால்பந்து போன்ற ஆட்டங்களில் அடிக்கடி வரும் காயம் இது.

அது முழுதாக அறுந்தால் தானாக ஒட்டிக்கொள்வது அரிது. சிலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். அதன் பிறகு மறுபடி களத்தில் இறங்க ஒன்பது மாதமோ, அதற்கு மேலோ ஆகலாம். அறுந்த நாரோடு ஓடியாடினால், மூட்டின் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்துபோகலாம்.

உங்கள் வயதில் இன்னொரு விஷயமும் உண்டு. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் 'வளர்தட்டு' என்ற மென்மையான பகுதி இருக்கிறது. எலும்பு நீளமாவது அங்கேதான். அதில் அடிபட்டதைக் கவனிக்காமல் விட்டால், கால் கோணலாகவோ குட்டையாகவோ வளர்ந்துவிடலாம். அதனால்தான், 'வெறும் சுளுக்குதான்' என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

அடிபட்டால் என்ன செய்யணும்?

* உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். 'இந்த ஒரு ரெய்டு மட்டும்' என்று தொடராதீர்கள்.
* காலை இழுக்கக் கூடாது, நீவக் கூடாது, சூடான ஒத்தடம் கொடுக்கக் கூடாது. இவற்றால் வீக்கம் கூடும்.
* ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸைத் தோலில் வைக்காதீர்கள்.
* மெதுவாக ஒரு கட்டுப் போட்டு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.
* நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லையா? மூட்டு கோணலாகத் தெரிகிறதா? சீக்கிரமே வீங்கிவிட்டதா? அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.
* தலையில் அடிபட்டால் அன்று ஆட்டமே கிடையாது. மயக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி!
* மண்ணில் உரசிய காயத்தைச் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். டி.டி. ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நான் மாற்றிக்கொண்ட கருத்து

வலியோடு ஆடுகிறவன்தான் வீரன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. பவனுக்கும் எங்கள் ஊர் அண்ணனுக்கும் தைரியத்தில் வித்தியாசம் இல்லை. ஒருவர் விழுந்தபோது டாக்டர் ஓடி வந்தார். இன்னொருவர் விழுந்தபோது நாங்கள் விசில் அடித்தோம். விசில் அடிப்பவருக்கு முழங்கால் வலிக்காது அல்லவா?

கபடியே ஆடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நன்றாக ஆடுங்கள்! 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணி தங்கம் வென்றதே, அந்த அணியில் ஆடிய அபினேஷ், திருவாரூர் மாவட்டம் வடுவூர்க்காரர். பெண்கள் அணியும் தங்கம் வென்றது. அதில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். அடுத்தது உங்களில் யாரோ!

ஆடுவதற்கு முன் பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். திடலில் கல், கண்ணாடித் துண்டு, அறுத்த நெல்தாளின் கட்டை இருந்தால் பொறுக்கி எடுங்கள். வலித்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் அண்ணனுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். பொங்கல் போட்டிக்கு இன்றும் வருவார். கோட்டுக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போன பொங்கலில் ஒரு பையன் விழுந்து காலைப் பிடித்தான். கூட்டம், 'எழுந்திரு... எழுந்திரு...' என்று கத்தியது. அண்ணன் கைத்தடியை ஊன்றி எழுந்து, "டேய் தம்பி, எழுந்திருக்காதடா. அப்படியே படு. யாராவது வண்டி எடுங்கடா!" என்றார்.

இந்தத் தடவை விசில் அடிக்காமல் ஓடிப்போய் வண்டி எடுத்தது யார் தெரியுமா, குட்டீஸ்? நான்தான்!