தொலைவில் வண்டி, கையில் பணம்

கண்ணொளி இழந்த முதியவர் தோபித்து, தம் மகன் தோபியாவை அருகில் அழைத்து ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறார். நெடுந்தொலைவிலுள்ள மேதியா நாட்டில் கபேல் என்பவரிடம் பத்துத் தாலந்து வெள்ளியைக் கொடுத்து வைத்திருப்பதாகவும், அதைப் பெற்று வர வேண்டுமென்றும் கூறுகிறார். மகன் எழுப்பும் ஐயம் நியாயமானதே. கபேலுக்குத் தோபியாவைத் தெரியாது. தோபியாவுக்கும் கபேலைத் தெரியாது. எந்த அடையாளத்தைக் காட்டி அவர் பணத்தைக் கேட்பார்?

தந்தையிடம் விடை இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே இருவரும் கையெழுத்திட்டு எழுதிய ஓலையை இரண்டாகப் பகுத்து, ஆளுக்கொரு பாதியை வைத்திருந்தனர். மேலும், வழியறிந்த, நம்பத்தக்க துணைவர் ஒருவரைக் கூலி பேசி அழைத்துச் செல்லுமாறு அவர் மகனைப் பணித்தார். அவ்வாறு வந்த துணைவரின் குலத்தையும் குடும்பத்தையும் கேட்டறிந்த பின்னரே மகனை அவரோடு அனுப்பினார். வந்தவர் வானதூதர் இரபேல் என்பதை அப்போது அவர் அறியார்.

கபேல் நேர்மையானவர். தோபித்து அவரை நம்பினார். நம்பியும் எழுதிக்கொண்டார். பழைய வாகனம் ஒன்றை வெளியூரில் வாங்கப் புறப்படும் ஒவ்வொரு குடும்பமும் நினைவில் நிறுத்த வேண்டிய பாடம் இதுவே.

நம் பகுதியின் கனவு

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது முதல், ஆவடி தொடங்கிப் பூந்தமல்லி நெடுஞ்சாலை வரை பட்டறைகளும் கிடங்குகளும் பெருகின. பிறர் வண்டியைக் கூலிக்கு ஓட்டிய ஒருவர், சொந்தமாக ஒரு பழைய லாரியை வாங்கிவிட்டால் பிள்ளைகளைக் கரையேற்றிவிடலாம் என எண்ணுவது இயல்பு. ஆனால் அவர் தேடும் வண்டி பெரும்பாலும் உள்ளூரில் இருப்பதில்லை. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருக்கும். கார் வாங்க விரும்புவோரின் கண் தில்லி வரை செல்கிறது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளையும், பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் தலைநகர்ப் பகுதியில் ஓட்டலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விதித்த தடையை, 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025இல் ஓரளவு தளர்த்தியது. தடையின் விளைவாக அங்கு விலை குறைந்த கார்கள் பிற மாநிலங்களை நோக்கிப் புறப்பட்டன.

வண்டி தொலைவில் இருக்கிறது. விற்பவர் முகம் தெரியாதவர். கொடுக்க வேண்டியதோ பல இலட்சம். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. ஏலச்சீட்டு தள்ளி எடுக்கப்படுகிறது. மகளின் திருமணத்துக்கென வைத்த வைப்புத்தொகை உடைக்கப்படுகிறது. அது தவறான கைக்குப் போய்விட்டால் ஒரு வண்டி மட்டுமா போகிறது? குடும்பத்தின் நிம்மதியே போய்விடுகிறது அன்றோ!

இருவரும் நல்லவர், நடுவில் ஒருவன்

இன்று நடக்கும் மோசடிகளுள் கொடியது ஒன்றுண்டு. உண்மையான உரிமையாளர் ஒருவர் தம் வண்டியை விற்க விளம்பரம் செய்கிறார். மோசடிக்காரன் அந்தப் படங்களை எடுத்துக் குறைந்த விலையில் தானே மறு விளம்பரம் செய்கிறான். வாங்க வருபவரிடம், “வண்டி என் அண்ணனுடையது, போய்ப் பாருங்கள், விலையைப் பற்றி மட்டும் அவரிடம் பேச வேண்டாம்” என்கிறான். உரிமையாளரிடமோ, “என் உறவினர் வந்து பார்ப்பார், பணம் நான் தருவேன், அவரிடம் விலை பேச வேண்டாம்” என்கிறான். வந்தவர் வண்டியைக் காண்கிறார். ஏடுகளும் சரியாகவே உள்ளன. மனம் நிறைந்து, நடுவில் நிற்பவன் காட்டிய கணக்குக்குப் பணத்தை அனுப்புகிறார். அதன் பின் அவன் தொலைபேசி ஒலிப்பதில்லை. ஏமாந்தவரும் வண்டிக்கு உரியவரும் ஒருவரையொருவர் திருடர் என ஏசிக்கொண்டு காவல் நிலையத்தில் நிற்கின்றனர். ஒரு கேள்வியை நேருக்கு நேர் கேட்டிருந்தால் இது நடந்திராது: “ஐயா, விலை என்ன? எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும்?”

மற்றொரு தந்திரம், படைவீரர் வேடம். மாற்றலாகிப் போவதால் வண்டியை மலிவாகத் தருவதாகக் கூறி, சீருடைப் படத்தையும் அடையாள அட்டையையும் அனுப்பி, முன்பணம் கேட்பர். கனரக வாகனத் தொழிற்சாலையும் விமானப் படைத் தளமும் அமைந்த ஆவடியில், சீருடைக்கு மக்கள் இயல்பாகவே மதிப்பளிப்பர். அந்த மதிப்பையே இவர்கள் தூண்டில் ஆக்குகின்றனர்.

பணம் கைமாறும் இடம்

ஆபிரகாம் தம் மனைவி சாராவை அடக்கம் செய்ய நிலம் வாங்கிய வரலாற்றைத் தொடக்கநூல் கூறுகிறது. உரிமையாளரான எப்ரோனிடமே நேரில் பேசி, நகர வாயிலில் மக்கள் அனைவரும் காண, நானூறு வெள்ளிக் காசுகளை அவர் நிறுத்துக் கொடுத்தார். உரியவரிடம் நேரே கொடுப்பதும், சாட்சிகள் முன் கொடுப்பதும் அன்று போலவே இன்றும் நல்ல விதிகளே. இன்று நமக்கு நகர வாயில், வங்கி.

புறப்படுமுன் வண்டியின் பதிவு எண்ணைக் கொண்டு அரசின் ‘வாகன்’ பதிவேட்டில், தகுதிச் சான்று, காப்பீடு, நிலுவையில் உள்ள கடன் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். நேரில் செல்லும்போது தொழில் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்தேனும் அழைத்துச் செல்லுங்கள். அவரே உங்கள் இரபேல். சேசிஸ் எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள். அதுவரை முன்பணமாகப் பெருந்தொகை எதையும் அனுப்ப வேண்டாம்.

எல்லாம் சரியென்றால், இருவரும் சேர்ந்து வங்கிக்குச் செல்வது நன்று. பதிவுச் சான்றில் யார் பெயர் உள்ளதோ அவர் கணக்குக்கே பணம் போக வேண்டும். அண்ணன் கணக்கு, நண்பர் கணக்கு என்பவை வேண்டாம். இரண்டு இலட்சமும் அதற்கு மேலும் ஆர்.டி.ஜி.எஸ். முறையில் அனுப்பலாம். ஒருமுறை போய்ச் சேர்ந்த பணத்தை அனுப்பியவர் திரும்ப அழைக்க இயலாது. ஆதலால் அனுப்புமுன் பெயரைச் சரிபார்ப்பதே காவல். கணக்குக்கு உரியவர் பெயரை முன்னதாகவே காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. ரொக்கம் வேண்டவே வேண்டாம். ஒரே விற்பனைக்காக இரண்டு இலட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடுத்துள்ளது. பெறுபவர் அதே அளவு தண்டம் செலுத்த நேரிடும்.

வண்டியின்மேல் கடன் இருந்தால், அந்தத் தொகையை நேரே கடன் கொடுத்த நிறுவனத்துக்கே செலுத்தி, கடன் தீர்ந்ததற்கான கடிதத்தையும் படிவம் 35ஐயும் பெற வேண்டும். மீதியே விற்பவருக்கு. பணம் வரவாகியதை விற்பவர் தம் கணக்கில் கண்டதும், சாவியும் அசல் ஏடுகளும் கையெழுத்திட்ட 29, 30 ஆம் படிவங்களும் அங்கேயே கைமாற வேண்டும். வேறு மாநில வண்டியாயின் தடையின்மைச் சான்றும் தேவை. நாளும் மணியும் குறித்த ஒப்படைப்புக் கடிதத்தை எழுதி, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். தோபித்தும் கபேலும் ஓலையைப் பகுத்துக்கொண்டது இதற்காகத்தானே!

பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாள்களுக்குள் கேட்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால், பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுமுன் முடக்கப்பட வாய்ப்புண்டு. மறுநாள் பார்க்கலாம் என்றால் அந்த வாய்ப்புக் குறைந்துவிடும்.

விற்பவருக்கும் ஒரு சொல்

நம்முள் வாங்குவோர் மட்டுமல்லர், விற்போரும் உளர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியைத் துடைத்து மெருகிட்டு, ஒன்றும் நடவாததுபோல் வெளியூராருக்கு விற்பது வியாபாரத் திறமை அன்று, திருட்டு. களவு செய்யாதிருப்பாயாக என்னும் கட்டளை பூட்டை உடைப்பவனுக்கு மட்டும் தரப்பட்டதா என்ன?

பெயர் மாற்றத்தில் விற்பவருக்கும் பங்குண்டு. விற்றதைப் பதிவு அதிகாரிக்கு, மாநிலத்துக்குள்ளாயின் 14 நாள்களுக்குள்ளும், வெளி மாநிலமாயின் 45 நாள்களுக்குள்ளும் அவர் தெரிவிக்க வேண்டும். வண்டி கைமாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, வாங்குபவர் பெயரை மாற்றும்படி வற்புறுத்துவது விற்பவருக்கும் காவலே.

இவ்வளவு கேட்டால் எதிரிலிருப்பவர் மனம் புண்படாதா எனச் சிலர் தயங்குவர். நேர்மையானவர் புண்படமாட்டார், அவருக்கும் தம் வண்டிக்குரிய பணம் வந்து சேருமோ என்னும் அச்சம் உண்டு. இருவர் அச்சத்தையும் ஒருங்கே போக்குவதால், எழுத்தும் சாட்சியும் பிறரன்பின் செயல்களே.

புதிதாக வந்த வண்டிக்கு மாலையிட்டு, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் நிறுத்தி மந்திரித்துக்கொள்வது நம் வழக்கம். அந்த நாளில் பதிவுச் சான்று குடும்பத் தலைவரின் பெயரில் இருக்கட்டும். விற்றவர் வீட்டிலும் கண்ணீர் இல்லாதிருக்கட்டும். தெளிக்கப்படும் புனித நீர் அப்போது இரு வீட்டாருக்கும் ஆசி ஆகும்.