தடித்த எழுத்துக்கு வழிவகுத்த ‘கிளாரெண்டன்’: 180 ஆண்டுகளைக் கடந்த எழுத்துருவின் சிறப்புகள்

அகராதியைப் புரட்டும் எவரும் தேடும் சொல்லை நொடியில் கண்டுகொள்ள உதவுவது, பக்கத்தின் இடப்புறத்தில் தடித்து நிற்கும் தலைச்சொல். இவ்வசதியைப் பரவலாக்கிய எழுத்துருக்களில் முதன்மையானது ‘கிளாரெண்டன்’.

லண்டனின் ஃபேன் ஸ்ட்ரீட் எழுத்து வார்ப்பகத்தின் பங்குதாரரான ராபர்ட் பெஸ்லி, 1845-ஆம் ஆண்டு இதனை வெளியிட்டார். எழுத்து அச்சுகளைச் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ்.

தடித்த எழுத்துகள் அதற்கு முன்பும் இருந்தன. எனினும் அவை பெரும்பாலும் சுவரொட்டிகளுக்காகவும் விளம்பரங்களுக்காகவும் வார்க்கப்பட்டவை. நூலின் வரிக்குள் ஒரு சொல்லை வலியுறுத்த வேண்டுமெனில், அச்சகத்தார் சாய்வெழுத்தையோ பெரிய எழுத்துகளையோ பயன்படுத்தி வந்தனர். சாதாரண எழுத்துடன் ஒரே வரியில் இணைந்து நிற்கும் வகையில் உருவாக்கப்பட்டதே கிளாரெண்டனின் புதுமை. நாளடைவில் ஆங்கில அச்சகங்களில் ‘கிளாரெண்டன்’ என்ற பெயரே தடித்த எழுத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாக வழங்கியது.

அமைப்பு

எழுத்துக் கோடுகளின் முனைகளில் காணப்படும் சிறு குறுக்குக் கோடுகள் ‘செரிஃப்’ எனப்படுகின்றன. கிளாரெண்டனில் இவை தடிமனானவை. ஆனால் செங்கோணத்தில் வெட்டி நிற்காமல், சிறு வளைவுடன் கோட்டோடு இணைகின்றன. ஆகையால் உறுதியான தோற்றத்துடன் மென்மையும் சேர்கிறது.

கோடுகளைப் பருமனாக்குவதால் மட்டும் நல்ல தடித்த எழுத்து உருவாகிவிடாது. கோடு பருக்கும்போது எழுத்தின் உள்வெளி சுருங்குகிறது. சிறிய அளவில் அச்சிட்டால் மை அடைத்துக்கொள்ளும். எனவே வடிவமைப்பாளர்கள் எழுத்தின் அகலத்தைச் சரிசெய்து, கோடுகள் சந்திக்கும் இடங்களை மெலிதாக்குகின்றனர். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைக் கணினி மென்பொருள் செயற்கையாகத் தடிக்கச் செய்யும்போது எழுத்துகள் திரண்டு மங்கித் தெரிவதற்கு, இத்தகைய திருத்தங்கள் இல்லாததே காரணம்.

மூன்று ஆண்டுப் பாதுகாப்பு

பிரிட்டனின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பெஸ்லி இவ்வெழுத்துருவைப் பதிவு செய்தார். ஆனால் சட்டம் அளித்த பாதுகாப்பு மூன்று ஆண்டுகள் மட்டுமே. காலக்கெடு முடிந்ததும் பிற வார்ப்பகங்கள் இதனைத் தாராளமாகப் படியெடுத்தன. உருவாக்கியவருக்கு இது இழப்பு. எழுத்துருவுக்கோ இதுவே பரவலுக்கு வழியாயிற்று. அமெரிக்காவில் மர எழுத்துகளாகவும் செதுக்கப்பட்டு, சுவரொட்டிகளில் இடம்பிடித்தது. பெஸ்லி பின்னர் லண்டன் மாநகரின் மேயராகவும் பதவி வகித்தார்.

மறுவருகை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிளாரெண்டன் மீண்டும் கவனம் பெற்றது. சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் 1953-இல் இதன் புதிய வடிவத்தை உருவாக்கினார். அமெரிக்க தேசியப் பூங்காக்களின் சாலைப் பலகைகளிலும் இவ்வெழுத்துரு நெடுங்காலம் பயன்பட்டது.

எங்குப் பயன்படும்?

தலைப்பு, பெயர்ப்பலகை, அகராதித் தலைச்சொல், பாடநூலின் கலைச்சொல் ஆகியவற்றுக்குத் தடித்த செரிஃப் எழுத்து பொருத்தமானது. நீண்ட பத்திகளுக்கு இது ஏற்றதன்று. பக்கம் முழுவதும் கருமை படர்ந்து கண்ணுக்குச் சோர்வு தரும். மேலும், சுற்றியுள்ள எழுத்துகள் மெலிந்திருக்கும்போதுதான் தடித்த சொல் தனித்துத் தெரியும். பக்கத்தில் பாதி தடித்த எழுத்தானால், வாசகரின் கண் எதைத் தேடிச் செல்வதென அறியாமல் தடுமாறும்.